டால்பின் ஆய்வுக்குக் கள உதவியாளராகப் போகலாமா? காசு கட்டியா, கட்டாமலா?

நெய்தல்பொண்ணு
3 செப்டம்பர், இரவு 9:12

எல்லாருக்கும் வணக்கம். பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் எம்எஸ்சி இந்த மே மாதம் முடித்தேன். சொந்த ஊர் துறையூர் பக்கம், அதனால் இருபது வயது வரைக்கும் எனக்குக் கடல் என்றால் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிற இடம்தான். இப்போது கையில் மூன்று வழி இருக்கிறது, எதில் போவது என்று தெரியவில்லை.

ஒன்று ஐரோப்பாவில் ஒரு தீவு. இரண்டு வாரம் டால்பின் ஆய்வுக் குழுவோடு இருக்கலாம், ஆனால் காசு நாம்தான் கட்ட வேண்டும், விமானச் செலவு தனி. இரண்டாவது கொங்கண் கரையில் மால்வண் பக்கம், நவம்பரிலிருந்து நான்கு மாதம், தங்க இடமும் சாப்பாடும் கொடுத்து மாதம் 8,000 ரூபாய் கைச்செலவுக்குத் தருகிறார்கள். மூன்றாவது இன்ஸ்டாகிராமில் பார்த்தது, 'டால்பின் ஆய்வுப் பயிற்சி, சான்றிதழ் உண்டு, முன்பணம் கட்டினால் இடம் உறுதி' என்று போட்டிருக்கிறார்கள், என்ன ஆய்வு என்று கேட்டால் பதில் இல்லை.

அம்மா கேட்கிற கேள்வி ஒன்றுதான், "டால்பின் பாக்கறதுக்கா ரெண்டு வருசம் படிச்ச?" அதற்கு என்னிடம் சரியான பதில் இல்லை. உண்மையில் அங்கே என்னதான் வேலை? எனக்கு நீச்சல் தெரியாது, அது ஒரு தடையா? பெண்ணாகப் படகில் ஆறு மணி நேரம் இருப்பது எப்படி? போய் வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.


சும்மாகேக்கறேன்
3 செப்டம்பர், இரவு 9:40

காசு கட்டி வேலை செய்வதற்குப் பெயர் தன்னார்வமா, சுற்றுலாவா? சும்மா கேக்கறேன்.


உப்புத்தண்ணி
3 செப்டம்பர், இரவு 11:55

நான் அதே கொங்கண் கரையில் இரண்டு சீசன் கள உதவியாளராக இருந்தவன். இப்போது கோவையில் ஏசி அறையில் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுவேன், பொறுத்துக்கொள்ளவும்.

டால்பின் பார்ப்பதுதான் ஆசை என்றால் நான்கு மாதம் வீண். தேவ்பாக்கில் சுற்றுலாப் படகு இருக்கிறது, ஒரு மணி நேரத்தில் காட்டிவிட்டுக் கரையில் இறக்கிவிடுவார்கள். கள உதவியாளர் வேலை என்பது டால்பின் இல்லாத கடலைப் பார்க்கிற வேலை. அதை மறைத்துவிட்டு உங்களைக் கூப்பிடுகிறவர்களை நம்பாதீர்கள்.

காலை 4:45-க்கு எழுந்து ஜிபிஎஸ், கேமரா பேட்டரி, பைனாகுலர், பதிவுத்தாள், பென்சில் எல்லாம் சரிபார்த்து (பேனா வேண்டாம், ஈரத்தில் கரையும்) 6:15-க்குப் படகில் ஏற வேண்டும். பதினோரு மணிக்கு மேல் கடற்காற்று கிளம்பிவிடும், அங்கங்கே வெள்ளை நுரை தெரிய ஆரம்பித்தால் அலை எது முதுகு எது என்று பிரித்துப் பார்க்க முடியாது, அதனால்தான் அவ்வளவு சீக்கிரம். காற்றின் வலிமையைச் சொல்லும் பியூஃபோர்ட் அளவில் 3-ஐத் தாண்டினால் பதிவை நிறுத்திவிடுவது எங்கள் விதி. படகு 8, 9 நாட் வேகத்தில் முன்கூட்டியே வரைபடத்தில் போட்டு வைத்த கோட்டின் மேல் போகும், நமக்கு டால்பின் இருக்கும் என்று தோன்றுகிற இடத்துக்கு எல்லாம் போகாது. இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் ஒருவர், எழுதுவதற்கு ஒருவர், ஓய்வில் ஒருவர். அரை மணிக்கு ஒருமுறை இடம் மாறுவோம், அதற்கு மேல் கண் பார்க்கும், மூளை பார்க்காது. இடம் மாறும்போதெல்லாம் காற்று, அலை, வெயில் கூச்சம், எவ்வளவு தூரம் தெரிகிறது, சுற்றிலும் எத்தனை படகு, என்ன வலை, எல்லாவற்றையும் எழுத வேண்டும்.

என் முதல் 11 நாளில் 8 நாள் ஒன்றுமே இல்லை. ஆறாம் நாள் என்று நினைக்கிறேன், வெயில் மண்டையைப் பிளக்கிறது, தூரத்தில் கறுப்பாக ஏதோ எழும்பி முங்கியது, நான் "ரெண்டு டால்பின்" என்று கத்திவிட்டேன், எழுதுகிறவளும் எழுதிவிட்டாள். குழுத்தலைவி திரும்பிக் கேட்டார், "முதுகுத்துடுப்பைப் பார்த்தியா?" பார்க்கவில்லை. அவர் ஒன்றும் திட்டவில்லை, தாளை வாங்கி அந்த வரியை ஒரே ஒரு கோடு போட்டு அடித்து, 'அடையாளம் தெரியவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு என்னிடம் திருப்பிக் கொடுத்தார். அதற்குப் பிறகு நான் அப்படிக் கத்தியதே இல்லை.

ஒன்றும் பார்க்காத நாளைச் சோம்பேறித்தனமாக எழுதினால் எல்லாம் கெட்டுப்போகும். 40 கிலோமீட்டர் போய் ஒரு கூட்டம் பார்ப்பதற்கும் 400 கிலோமீட்டர் போய் ஒரு கூட்டம் பார்ப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது அல்லவா, அந்த வித்தியாசம்தான் ஆய்வு. சீனாவில் யாங்சி ஆற்று டால்பினைத் தேடி 2006-ல் ஆறு வாரம், கிட்டத்தட்ட 3,500 கிலோமீட்டர் படகில் போனார்கள். ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. அந்தப் பூஜ்யத்தை வைத்துத்தான் அந்த இனமே போய்விட்டிருக்கும் என்று அடுத்த ஆண்டு எழுதினார்கள். அங்கே ஒரு தன்னார்வலர் ஆர்வக்கோளாறில் 'ஒன்று பார்த்தேன்' என்று எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நீச்சல் பற்றி: லைஃப் ஜாக்கெட் இல்லாமல் படகில் ஏற்றினால் அந்தக் குழுவே வேண்டாம். இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, மிதக்கவாவது கற்றுக்கொள்ளுங்கள், திருச்சியில் நீச்சல் குளம் இருக்கிறது.


நெய்தல்பொண்ணு
4 செப்டம்பர், காலை 7:20

ரொம்ப நன்றி அண்ணா. அப்போ டால்பின் வந்தால் என்ன செய்வீர்கள்? போட்டோ எடுப்பதுதான் வேலையா?


உப்புத்தண்ணி
4 செப்டம்பர், மதியம் 1:30

சாப்பாட்டு இடைவேளையில் எழுதுகிறேன்.

பார்த்த நொடியில் முதலில் படகிலிருந்து எவ்வளவு தூரம், எந்தக் கோணம் என்று எழுத வேண்டும், கிட்டே போவதெல்லாம் அப்புறம்தான். ஆசைப்பட்டு முதலில் கிட்டே போய்விட்டால் அந்தக் கணக்கு திரும்பக் கிடைக்காது. பிறகு கோட்டை விட்டு விலகி, மெதுவாக, அதன் பின்னாலோ பக்கவாட்டிலோ போக வேண்டும், குறுக்கே வெட்டக் கூடாது.

அந்தக் கரையில் நீங்கள் பார்க்கப் போவது பெரும்பாலும் திமில் டால்பின். முதுகில் நீளமாக ஒரு மேடு, அதன் மேல் சின்னதாக ஒரு துடுப்பு ஒட்டவைத்த மாதிரி இருக்கும். கரையோரமாக, ஆழம் குறைந்த தண்ணீரிலேயே சுற்றும், அதனால்தான் நம்முடைய வலை, படகு, சாக்கடை எல்லாம் முதலில் அதன் தலையில்தான் விழுகிறது. 2014-ல்தான் இந்தியப் பெருங்கடல் திமில் டால்பினைத் தனி இனம் என்று பிரித்தார்கள், 2017-ல் அழிவாபத்துப் பட்டியலில் வந்துவிட்டது. படத்தில் பார்க்கிற மாதிரி படகு முன்னால் துள்ளிக்கொண்டு வராது. மூச்சு விடும், முதுகு வளையும், போய்விடும். ஒன்று, இரண்டு நொடி. அந்த இரண்டு நொடியில் துடுப்பு முழுசாக, பக்கவாட்டில், தெளிவாக விழ வேண்டும். ஷட்டர் ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்கு மேல் திறந்திராதபடி வைத்துத் தொடர்ச்சியாக அடிப்போம். நூறில் ஐந்து தேறினால் நல்ல நாள்.

துடுப்பின் பின்பக்க ஓரம் மெல்லியது, வலை, சண்டை, படகு என்று எதிலாவது பட்டுக் கிழிந்திருக்கும். தோலில் விழும் கீறல் ஆறிவிடும், ஓரத்தில் விழும் வெட்டு அப்படியே நிற்கும். அந்த வெட்டுதான் அதன் கைரேகை. ராத்திரி உட்கார்ந்து பழைய படங்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்ப்போம், இப்போது கணினியே பாதி வேலையைச் செய்கிறது, ஆனாலும் முடிவு சொல்வது மனிதக் கண்தான். இதில் ஒரு தப்பு எல்லாரும் செய்வோம், அழகாக வெட்டுப்பட்ட துடுப்பையே திரும்பத் திரும்ப எடுப்போம். வெட்டு இல்லாததையும் குட்டியையும் அதே அளவு எடுக்க வேண்டும், இல்லையென்றால் கூட்டத்தில் எத்தனை பேருக்கு அடையாளம் இருக்கிறது என்ற கணக்கே சாய்ந்துவிடும்.

அப்புறம் என் அவமானம் ஒன்று. இரண்டாவது மாதம் ஒரு நாள் மூன்று கூட்டம் பார்த்தோம், அப்படி ஒரு நாள் அந்த சீசனில் திரும்ப வரவே இல்லை. நான்தான் கேமரா. 640 படம். ராத்திரி ஜிபிஎஸ் நேரத்தோடு சேர்த்துப் பார்த்தால் ஒன்றும் பொருந்தவில்லை, பேட்டரி மாற்றும்போது கேமராவின் கடிகாரம் எங்கேயோ போயிருக்கிறது, நான் பார்க்கவில்லை. எந்தப் படம் எந்தக் கூட்டம் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. குழுத்தலைவி தட்டில் சோல்கடியை ஊற்றிக்கொண்டே "நாளைலேர்ந்து முதல் போட்டோ ஜிபிஎஸ் திரை" என்றார், அவ்வளவுதான். அதாவது காலையில் முதல் படமாக ஜிபிஎஸ் காட்டும் நேரத்தையே ஒரு படம் எடுத்துவிட்டால் கேமரா எவ்வளவு தள்ளி ஓடுகிறது என்று அதிலேயே பதிவாகிவிடும். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.


சும்மாகேக்கறேன்
4 செப்டம்பர், மாலை 6:05

எல்லாம் சரி. துடுப்பைப் போட்டோ எடுத்து எண்ணி என்ன ஆகப் போகிறது? எண்ணினால் டால்பின் பிழைத்துவிடுமா?


குளிர்க்கடல்
4 செப்டம்பர், இரவு 10:48

ஸ்காட்லாந்தில் இன்வர்னஸில் இருக்கிறேன், வார இறுதியில் மோரே கடற்கழி ஓரமாக நின்று டால்பின் பதிவு எடுப்பேன். சும்மாகேக்கறேன் கேட்டது நல்ல கேள்வி, கிண்டலாகவே கேட்டிருந்தாலும்.

எண்ணுவது என்றால் தலையை எண்ணுவது இல்லை. ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன், முதல் தடவை போய் 20 டால்பினைத் துடுப்பு வைத்து அடையாளம் கண்டுவிட்டீர்கள். அடுத்த தடவை 25 பார்க்கிறீர்கள், அதில் 10 பழைய முகம். அப்படியென்றால் மொத்தக் கூட்டத்தில் பழைய முகம் ஐந்தில் இரண்டு பங்கு, ஆக மொத்தம் 50 பக்கம் இருக்கும். குளத்தில் எத்தனை மீன் என்று கண்டுபிடிக்கிற அதே வித்தைதான். இதை வருஷா வருஷம் செய்தால்தான் குறைகிறதா கூடுகிறதா என்று சொல்ல முடியும், சொல்ல முடிந்தால்தான் துறைமுகம் கட்டுகிறவனிடமும் எண்ணெய்க் கம்பெனியிடமும் போய் நிற்க முடியும். இங்கே 2017-ல் கடலுக்குள் காற்றாலைக்குத் தூண் அடித்தபோது சத்தத்தால் என்ன ஆகிறது என்று கணிக்க முடிந்தது, அதற்கு முன்னால் பல வருஷப் பதிவு கையில் இருந்ததால்தான். குரோமார்ட்டியில் அபர்டீன் பல்கலைக்கழகத்தின் கள நிலையம் ஒரு பழைய கலங்கரை விளக்கத்தில் இருக்கிறது, 1989-லிருந்து பதிவு ஓடுகிறது.

இன்னும் பழையது புளோரிடாவில் சரசோட்டா விரிகுடா, 1970-ல் ஆரம்பித்தது, இன்றைக்கும் ஓடுகிறது. நெய்தல்பொண்ணு, உங்கள் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்: அந்த ஆய்வில் ஆரம்பத்திலேயே பள்ளி மாணவனாக உதவிக்குப் போய்ச் சேர்ந்த ராண்டால் வெல்ஸ்தான் பிற்பாடு அதை நடத்தியவர். அறுபது வயது தாண்டிய பெண் டால்பினை எல்லாம் அவர்கள் பெயர் சொல்லி அறிவார்கள். தாயின் உடலில் சேர்ந்த பிசிபி என்கிற நச்சு பாலோடு இறங்கி முதல் குட்டிக்குத்தான் அதிகமாகப் போகிறது, முதல் குட்டிகள் அதிகம் சாகின்றன என்பதெல்லாம் தாய் யார், இது எத்தனையாவது குட்டி என்று தெரிந்ததால்தான் சொல்ல முடிந்தது.

அதோடு டால்பின் என்றால் எல்லாரும் சிரித்த முகம் என்கிறார்கள். இங்கே கரையில் அடிபட்டுச் செத்து ஒதுங்கிய பார்பாய்ஸ்களை (டால்பின் மாதிரியே, ஆனால் சின்னது) பார்த்துக் குழம்பிக்கொண்டிருந்தார்கள். அடித்துக் கொன்றது டால்பின்கள்தான் என்று 1996-ல் எழுதினார்கள். சாப்பிடக்கூட இல்லை. சும்மா கொன்றிருக்கின்றன. எண்ணப் போனவன் கண்ணில் இதுவும் படும்.


வத்தைக்காரன்
5 செப்டம்பர், அதிகாலை 4:30

தொழிலுக்குப் போகுமுன் எழுதுகிறேன், பிழை இருந்தால் மன்னிக்கவும். தங்கச்சிமடம்.

எங்களுக்கு அது ஓங்கில். டால்பின் என்பது டிவிக்காரன் பெயர். ஓங்கிலைப் பார்க்க வடக்கே மராட்டியம் வரை ஏன் போக வேண்டும், பாக் நீரிணையில் இல்லையா, மன்னார் வளைகுடாவில் இல்லையா? 21 தீவும் 1986-லேயே தேசியப் பூங்கா ஆக்கிவிட்டார்கள். இங்கே ஆய்வு செய்ய ஏன் ஆள் வருவதில்லை?

இன்னொன்று. வருகிறவர்கள் வருவார்கள், வத்தையை வாடகைக்குப் பிடிப்பார்கள், "அண்ணே எங்க கெடைக்கும், எந்த மாசம் கெடைக்கும், காத்து எப்படி" என்று எல்லாம் கேட்டு எழுதிக்கொள்வார்கள். பிறகு புத்தகம் வரும், அதில் வத்தைக்காரன் பெயர் இருக்காது. என் அப்பாவிடம் இப்படி மூன்று பேர் கேட்டுப் போயிருக்கிறார்கள், ஒருத்தர்கூட ஒரு காகிதம் அனுப்பவில்லை. ஓங்கில் வலையைக் கிழித்துவிட்டுப் போனால் அந்த நட்டத்தை யார் எழுதுவார்கள்? வலையில் அது மாட்டினால் மட்டும் எழுதுகிறார்கள்.


உப்புத்தண்ணி
5 செப்டம்பர், காலை 9:15

அண்ணே, நீங்கள் சொல்வது நியாயம், மறுக்க மாட்டேன். எங்கள் படகில் இருந்த அண்ணன் எங்களுக்கு முன்னால் டால்பினைப் பார்த்துவிடுவார், எப்படி என்று கேட்டால் ஆலாப் பறவைகளைப் பார் என்பார். ஆலாக் கூட்டம் ஒரே இடத்தில் விழுந்து விழுந்து எழுந்தால் அடியில் சாளை கூடியிருக்கிறது, சாளை கூடினால் அதுவும் வரும். எனக்கு அது புரியவே ஒரு மாதம் ஆனது. சிக்கல் என்னவென்றால் பதிவில் இருக்கும்போது அவர் முதலில் சொன்னால் கணக்கு குழம்பும், அதனால் நாங்கள் பார்த்து முடிக்கும் வரை அவர் வாயை மூடிக்கொண்டு சிரித்தபடி இருப்பார். அவரையே ஒரு பார்வையாளராகச் சேர்த்துச் சம்பளமும் கட்டுரையில் பெயரும் கொடுக்க வேண்டும் என்று எங்கள் குழுவில் சண்டையே நடந்தது, கடைசியில் நன்றிப் பகுதியில் பெயர் வந்தது. பாதி வெற்றி.

வலை நட்டத்தைப் பற்றி: மால்வணிலும் செவுள் வலைக்காரர்கள் இதையேதான் சொன்னார்கள், மீனையும் தின்று வலையையும் கிழிக்கிறது என்று. கரைக்கு வந்ததும் வலைக்காரர்களிடம் உட்கார்ந்து எத்தனை கண்ணி கிழிந்தது என்று கேட்டு எழுதுவதும் உதவியாளர் வேலைதான். அதே செவுள் வலையில் மாட்டித்தான் திமில் டால்பின் அதிகம் சாகிறது என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே தாளில் எழுதாமல் ஒன்றை மட்டும் எழுதினால் கரையில் யாரும் பேச மாட்டார்கள்.

உங்கள் பக்கம் ஆள் வராததற்கு ஒரு காரணம் எல்லைக்கோடு. அங்கே கோடு போட்டுக் கோட்டின் மேல் படகு ஓட்டிப் பார்க்கட்டும், அரை மணியில் கடலோரக் காவல் வந்து நிற்கும். வனத்துறை அனுமதி, போலீஸ் தகவல், எல்லாம் வேண்டும். ஆனால் ஆவுளியாவுக்கு (கடல்பசு) 2022-ல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் காப்பகம் வந்தது, அதற்கான வேலையில் உங்கள் பக்க மீனவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்களே.


குளிர்க்கடல்
5 செப்டம்பர், மதியம் 2:10

வத்தைக்காரன் அண்ணனுக்கு ஒரு தகவல். பிரேசிலில் லகூனா என்று ஒரு ஊர், அங்கே டால்பின் மடவைக் கூட்டத்தைக் கரைப்பக்கம் விரட்டிக் கொண்டு வரும், தலையாலோ வாலாலோ ஒரு சைகை காட்டும், இடுப்பளவு தண்ணீரில் வரிசையாக நிற்கிற மீனவர்கள் அந்த நொடியில் வீச்சுவலையை வீசுவார்கள். 140 வருஷத்துக்கு மேல் நடக்கிறது. இரண்டு பக்கமும் அதிகம் மீன் கிடைக்கிறது என்று 2023-ல் நிரூபித்தார்கள். அந்த ஆய்வில் மீனவர்கள் சொன்னதும் தரவுதான்.


வத்தைக்காரன்
5 செப்டம்பர், இரவு 8:00

அப்படி ஒரு ஓங்கில் இங்கே கிடைத்தால் பங்கு கொடுத்துவிடலாம்.

எங்கள் ஆட்களும் சும்மா இல்லை. 2016 பொங்கலுக்கு முன்னால் மணப்பாடு கரையில் எண்பதுக்கு மேல் பெரிய ஓங்கில் மாதிரி ஒதுங்கியது ஞாபகம் இருக்கா, பைலட் திமிங்கிலம் என்றார்கள். எங்கள் சொந்தக்காரர்கள் அங்கே, ராத்திரி முழுக்கப் படகில் கட்டி உள்ளே இழுத்து விட்டார்கள், விட்டது திரும்பத் திரும்பக் கரைக்கே வந்தது. பாதிக்கு மேல் செத்துப்போய்விட்டது. 1973-லும் அதே கரையில் ஒதுங்கியதாகப் பெரியவர்கள் சொல்வார்கள். அன்றைக்கு எப்படிப் பிடிக்க வேண்டும், எப்படி இழுக்கக் கூடாது என்று சொல்லித்தர ஒருத்தராவது கரையில் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பாப்பா, நீ படித்துவிட்டு வந்து அதைச் சொல்லிக் கொடு.


கற்பிட்டிநிலா
6 செப்டம்பர், காலை 6:50

நான் இலங்கை, புத்தளம் பக்கம். கற்பிட்டியில நவம்பரில இருந்து ஏப்ரல் மட்டும் ஸ்பின்னர் டால்பின் நூற்றுக்கணக்கில வரும், அதைச் சுத்தி வள்ளமும் வரும். ஒரு கூட்டத்தைச் சுத்தி இருபது முப்பது எஞ்சின் இரைஞ்சுகொண்டு ஓடுறதைப் பார்த்தா வயிறு எரியும். ஸ்பின்னர் இரவிலதான் சாப்பிடும், பகல் அதுக்கு நித்திரை நேரம், நாங்கள் டிக்கெட் எடுத்துப் போய் நித்திரையைக் கலைக்கிறோம். ஹவாயில 2021-ல இருந்து 50 கஜத்துக்குள்ள போகக்கூடாது எண்டு சட்டமே வைச்சிருக்கினம்.

ஆகவே சகோதரி, எந்தக் குழுவோட போனாலும் ஒண்டு கேளுங்கோ: ஒரு கூட்டத்தோட எவ்வளவு நேரம் நிப்பீங்கள், எப்ப விட்டிட்டு வருவீங்கள்? உடன பதில் சொன்னா நல்ல குழு. "அது அப்ப பார்ப்பம்" எண்டா அது சுற்றுலா. தண்ணிக்குள்ள இறங்கி நீந்தலாம் எண்டு படம் போட்டிருந்தா அந்தப் பக்கமே போகாதேங்கோ.


சிலிகாவில்மூணுமாசம்
6 செப்டம்பர், இரவு 9:30

படகில் பெண்ணாக இருப்பது பற்றி யாரும் எழுதவில்லை, ஆண்கள் யாருக்கும் அது தோன்றவில்லை போலிருக்கிறது. ஒடிசாவில் சிலிகா ஏரியில் ஐராவதி டால்பின் ஆய்வுக்கு மூன்று மாதம் போனேன். மூக்கு நீளாத, மொட்டைத் தலை டால்பின், நம் ஊர்ப் பூசணிக்காய் மாதிரி, மொத்தமே 150 பக்கம்தான் அங்கே இருக்கிறது.

ஃபைபர் படகில் கழிப்பறை கிடையாது. முதல் வாரம் தண்ணீரே குடிக்காமல் இருந்தேன், எட்டாம் நாள் சிறுநீர்த் தொற்று, காய்ச்சல், நான்கு நாள் படுக்கை. அதன் பிறகு கூட இருந்த பெண் ஒருத்தி சொல்லிக் கொடுத்தாள்: பின்பக்கம் ஒரு பழைய சேலையைக் கட்டி மறைப்பு, ஒரு வாளி, படகோட்டி முன்பக்கம் பார்த்துக்கொண்டு பாட்டுப் போடுவார். பத்து நாளில் யாருக்கும் வெட்கம் இல்லை. ஆனால் இதை முதல் நாளே குழுத்தலைவர் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் போனிலேயே கேளுங்கள், "படகுல டாய்லெட்டுக்கு என்ன பண்றீங்க?" கேட்கிறபோது எதிர்முனையில் சங்கடமான அமைதி வந்தால் புரிந்துகொள்ளலாம். மாதவிடாய் நாளில் கரை வேலை மாற்றிக் கொடுப்பார்களா என்றும் கேளுங்கள். முழுக்கை பருத்திச் சட்டை, முகத்துக்குத் துண்டு, கறுப்புக் கண்ணாடி போலரைஸ்டு, ஓஆர்எஸ். சன்ஸ்கிரீன் போட்ட கையால் லென்ஸைத் தொடாதீர்கள்.

இன்னொன்று, வேறொரு இடத்தில் நடந்தது, பெயர் சொல்லப் போவதில்லை. தங்க இடம் உண்டு என்று கூப்பிட்டுவிட்டுப் போனால் ஒரே அறையில் ஆறு பேர், கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, 'பயணப்படி அடுத்த மாதம்' என்று மூன்று மாதமும் சொன்னார்கள். எழுத்தில் வாங்கவில்லை, என் தப்பு. எத்தனை மணி நேரம், வாரத்தில் எத்தனை நாள் ஓய்வு, காப்பீடு உண்டா, அடிபட்டால் யார் செலவு, எடுத்த படம் யாருக்குச் சொந்தம், கட்டுரையில் என் பெயர் எங்கே வரும், இத்தனையும் ஒரு மின்னஞ்சலிலாவது வாங்கிவிடுங்கள்.


சும்மாகேக்கறேன்
6 செப்டம்பர், இரவு 10:02

சரி, நான் கேட்ட முதல் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. காசு கட்டலாமா கூடாதா?


உப்புத்தண்ணி
6 செப்டம்பர், இரவு 11:20

கட்டுவது எல்லாம் மோசடி இல்லை. படகு எரிபொருள் விலை உங்களுக்குத் தெரியும், அரசு மானியம் இல்லாத குழு ஐரோப்பாவில் இருபது முப்பது வருஷம் ஓடுவது தன்னார்வலர் கட்டும் காசில்தான், அந்தக் காசில்தான் நல்ல நல்ல நீண்ட காலப் பதிவுகள் வந்திருக்கின்றன. குரோவேஷியாவில் லோஷின் தீவில் 1987-லிருந்து நடக்கிறதே, அந்த மாதிரி. ஆனால் அது சம்பாதிக்கிறவன் விடுமுறைக்குப் போகிற வழி. இப்போதுதான் படித்து முடித்த பிள்ளை அப்பாவிடம் கடன் வாங்கி இரண்டு வாரம் போய் என்ன கற்றுக்கொள்ள முடியும்? முதல் வாரம் வாந்தி, இரண்டாவது வாரம் பெட்டி கட்டுவது. காசு உள்ளவன்தான் ஆய்வாளன் ஆக முடியும் என்று ஆகிவிட்டால் தங்கச்சிமடத்துப் பிள்ளை எப்போது வருவான் என்பது என் பெரிய கோபம். என் ஓட்டு மால்வணுக்கு. மூன்றாவதை, அந்த முன்பணக் கும்பலை, பிளாக் செய்துவிடுங்கள். என்ன ஆய்வு, யார் அனுமதி, போன வருஷம் என்ன வெளியிட்டீர்கள் என்ற மூன்றுக்கும் பதில் இல்லாதவனுக்குக் காசு எதற்கு?


குளிர்க்கடல்
7 செப்டம்பர், காலை 11:00

ஒத்துக்கொள்கிறேன். போகிற வரைக்கும் சும்மா இருக்க வேண்டாம், கரையில் நின்றே பழகலாம். பரங்கிப்பேட்டை முகத்துவாரத்திலோ எங்கேயோ தினமும் ஒரு மணி நேரம் ஒரே இடத்தில் நின்று பாருங்கள், பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை காற்றும் அலையும் எழுதுங்கள், ஒன்றும் வராவிட்டாலும் எழுதுங்கள். இந்தியாவில் கடல் பாலூட்டிகளைப் பார்த்தால் பதிவு செய்ய ஒரு பொதுத் தளமும் இருக்கிறது, அதில் பழைய பதிவுகளைப் படித்தாலே உங்கள் கரையில் என்னவெல்லாம் ஒதுங்கியிருக்கிறது என்று தெரியும்.


நெய்தல்பொண்ணு
9 செப்டம்பர், இரவு 8:45

மால்வணுக்குச் சம்மதம் சொல்லிவிட்டேன். டாய்லெட் கேள்வியைக் கேட்டேன், குழுத்தலைவி சிரித்துவிட்டு "சேலை, வாளி, ரெண்டும் இருக்கு" என்றார். கூட்டத்தோடு நிற்கும் நேரத்தையும் உடனே சொன்னார். அம்மாவிடம் சரசோட்டா கதையைச் சொன்னேன், "அந்தப் பையனுக்கு மாசம் எவ்ளோ குடுத்தாங்க?" என்று கேட்டார். திருச்சியில் நீச்சல் சேர்ந்திருக்கிறேன், இன்றைக்கு நான்கு வாய் தண்ணீர் குடித்தேன்.


நெய்தல்பொண்ணு
21 நவம்பர், இரவு 10:15

இழையை மேலே கொண்டு வருகிறேன், திட்டாதீர்கள். வந்து 13 நாள். ஒன்பது நாள் பூஜ்யம். முதல் மூன்று நாள் வாந்தி, இப்போது இல்லை, இஞ்சி மிட்டாய் வாயில் போட்டுக்கொள்கிறேன், அடிவானத்தையே பார்க்கச் சொன்னார்கள், அது உதவுகிறது. இன்றைக்கு 7:52-க்கு இடப்பக்கம் நான் பார்த்தேன். ஆலா விழுந்தது, அப்புறம் ஒரு முதுகு. கத்தவில்லை. துடுப்பு தெரிகிற வரை காத்திருந்து, கோணம் 40, தூரம் 250 மீட்டர் என்று சொல்லிவிட்டு அப்புறம்தான் மூச்சு விட்டேன். ஐந்து பெரியது, ஒரு குட்டி. ஒன்றின் துடுப்பு நுனியே இல்லை, வலைக் கயிறு அறுத்த மாதிரி நேராக இருந்தது, 2 வருஷத்துக்கு முந்தைய படத்திலும் அதே டால்பின் இருக்கிறது என்று ராத்திரி கண்டுபிடித்தோம். அப்போது அதனோடு குட்டி இல்லை.

படகு அண்ணன் பெயரைப் பதிவுத்தாளில் பார்வையாளர் வரிசையில் எழுதுகிறோம், வத்தைக்காரன் அண்ணனிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.


வத்தைக்காரன்
22 நவம்பர், அதிகாலை 4:10

பார்த்தேன் பாப்பா. சந்தோசம். இங்கே வாடை ஏறிவிட்டது, இன்றைக்குத் தொழில் இல்லை.


உப்புத்தண்ணி
22 நவம்பர், காலை 8:30

கேமரா கடிகாரம்?


நெய்தல்பொண்ணு
22 நவம்பர், மதியம் 3:40

தினமும் முதல் படம் ஜிபிஎஸ் திரைதான் அண்ணா. இன்றைக்கு நாற்பது விநாடி பின்னால் இருந்தது.